அட்டமி நிலவில் ஒரு வெள்ளைக் குழி

வளர்பிறை அட்டமியன்று பொழுதுபடும் நேரம், திருகோணமலைக்கு நிலா உச்சிவானத்தை ஒட்டி நிற்கும். ஒளியும் இருளும் பிரியும் கோட்டின் வடபாதியில் வில்லாக வளைந்து கிடப்பது அப்பெனைன் மலைத்தொடர். ஏறத்தாழ 390 கோடி ஆண்டுகளுக்கு முன் இம்ப்ரியப் பெரும்பள்ளத்தைத் தோண்டிய மோதல், தன் விளிம்பாக உயர்த்திவிட்ட மலைகள் இவை. அவற்றின் தென்கிழக்கு மேட்டில் இருக்கிறது அராட்டஸ் என்ற சிறு குழி. குறுக்களவு சுமார் 10 கிலோமீற்றர், ஆழம் சுமார் 2 கிலோமீற்றர். சிவனொளிபாத மலையை அதற்குள் இறக்கி வைத்தால் உச்சி மட்டும் வெளியே தெரியும். 1971இல் அப்பலோ 15 இறங்கிய ஹாட்லி இங்கிருந்து 80 கிலோமீற்றரளவு வடக்கே.

இந்த அளவுக் குழியைத் தோண்ட அரைக் கிலோமீற்றர் அளவான கல் போதும். விநாடிக்கு 20 கிலோமீற்றரளவு வேகத்தில் வரும் கல் தரையைத் தொட்டதும் நொறுங்கி ஆவியாகிறது. அதிர்வலை எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவுவதால், கல் சாய்வாக வந்தாலும் குழி வட்டமாகவே அமையும். மிகத் தாழ்வாக உரசி வந்தால்தான் நீளும். ஒன்றிரண்டு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். நிலவில் 15 முதல் 20 கிலோமீற்றருக்கு மேற்பட்ட குழிகளில் தரை மீண்டு எழும்பி நடுவே சிகரம் முளைக்கும். அராட்டஸ் அந்த எல்லைக்குள் அடங்குவதால் வெறும் கிண்ணம்தான்.

அராட்டஸ் சுற்றியுள்ள தரையைவிட வெளிச்சமாகத் தெரியும். ஏன்? முதற் காரணம் கல். நிலவின் மேட்டுநிலம் பெல்ட்ஸ்பார் என்ற வெளிர்நிறக் கனிமம் நிறைந்த பாறை. நிலவின் 'கடல்'களோ இரும்பு மிகுந்த எரிமலைக் கல்; அதில் இல்மனைற்றும் கலந்திருக்கும். புல்மோட்டைக் கரையின் கறுத்த மணலைக் கையில் அள்ளியவர்களுக்கு அந்தக் கனிமத்தின் நிறத்தைச் சொல்லத் தேவையில்லை.

மற்றக் காரணம்தான் முக்கியமானது. நிலவில் காற்றும் மழையும் இல்லாவிட்டாலும் கல் பழசாகும். சூரியனிலிருந்து பாயும் 'சூரியக் காற்றின்' துகள்களும் நுண்கற்களும் ஓயாமல் தாக்க, மண் மணிகளின் மேல் மிக நுண்ணிய இரும்புப் பொட்டுகள் படிகின்றன. மண் மெல்லக் கறுக்கிறது. புதிதாகத் தோண்டிய குழி அந்தக் கறுத்த தோலைக் கிழித்து உள்ளிருக்கும் வெள்ளையை வெளியே கொட்டுகிறது. போதாததற்கு, கிண்ணத்தின் செங்குத்தான உட்சுவரில் பழைய மண் சரிந்து சரிந்து புதுமுகம் திறந்துகொண்டே இருக்கும். சுற்றியுள்ள தரை மங்கிய பிறகும் சுவர் வெளிச்சமாகவே நிற்பது இதனால்தான்.

பார்க்க 10 சென்ரிமீற்றர் வாயுள்ள தொலைநோக்கியும் 100 முதல் 150 மடங்கு பெருக்கமும் வேண்டும். பூமியிலிருந்து பார்க்க அராட்டஸின் அகலம் 5 விகலையளவுதான் (ஒரு பாகையில் 3600 விகலை). இருகண்நோக்கிக்கு அது புள்ளி.

அட்டமியில் அங்கே சூரியன் 4 பாகை உயரத்தில்தான் இருக்கும். குழி முழுக்கக் கறுப்பு. மேற்கு விளிம்பு மட்டும் நகக்கீறல்போல் மின்னும். நவமியில் 15 பாகை, நிழல் மூன்றில் இரண்டு பங்கு. தசமியில் 26 பாகை, நிழல் கிழக்கே ஒதுங்கிவிடும். இடையில் சூரியன் 22 பாகையைத் தொடும்போது நிழலின் நுனி குழியின் நடுவில் நிற்கும்: ஆரை 5 கிலோமீற்றரை 22 பாகையின் தாஞ்சனால் பெருக்கினால் ஆழம் 2 கிலோமீற்றர். இதை யாரும் தாளில் போட்டுப் பார்க்கலாம். துவாதசிக்குள் நிழல் இல்லை. போயா எனும் முழுநிலா இரவில் குழியின் வடிவமே தெரியாது, வெள்ளைப் பொட்டு மட்டும்தான். பலர் அன்றைக்குத்தான் தேடி ஏமாறுகிறார்கள்.

இன்னொரு தொல்லை ஈரம். குளிரூட்டிய அறையிலிருந்து தொலைநோக்கியை நேரே உப்புவெளிக் கரைக்குக் கொண்டுபோனால் வில்லை பனித்துவிடும். துணியால் துடைத்தால் உப்புத்தூள் கண்ணாடியைக் கீறும். மூடியைக் கழற்றாமல் அரை மணித்தியாலம் வெளியே வைத்தால் சூடு சமப்படும். கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடியில் முக்காலியின் கால்களைக் குறுக்கி, மதிலோரம் மறைவாக வைப்பது நல்லது. 150 மடங்கில் சிறு நடுக்கமும் அராட்டஸைக் கண்ணிலிருந்து எறிந்துவிடும்.