கொன்சோலுக்குப் பதிலாக ஒரு கணினி: பதினேழு மில்லிசெக்கன்களைப் பங்கிடும் கணக்கு

2020 நவம்பரில் சந்தைக்கு வந்த பிளேஸ்டேஷன் 5, தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வைக்கும் விளையாட்டுப் பெட்டியாகத் தோன்றினாலும், உள்ளே இருப்பது ஒரு கணினிதான். ஏஎம்டி நிறுவனத்தின் எட்டுக் கருக்கள் (தனித்தனியே கணிக்கவல்ல பகுதிகள்) கொண்ட புரொசெசரும் அதே நிறுவனத்தின் கிராபிக்ஸ் பகுதியும் ஒரே சில்லில் அமைந்து, 16 ஜிபி நினைவகத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. ஆகவே மட்டக்களப்பிலோ கல்முனையிலோ இருக்கும் ஒருவர், கொன்சோலுக்குக் கொடுக்கும் பணத்தில் விளையாட்டுக் கணினி ஒன்றைப் பொருத்தி எடுக்கலாமா என்று கேட்டால், அது இருவேறு இனப் பொருள்களைப் பற்றிய கேள்வி அல்ல. ஒரே வேலையைச் செய்யும் பாகங்களை யார் தெரிவுசெய்வது என்பதே கேள்வி. கொன்சோலில் அந்தத் தெரிவைப் பொறியியலாளர்கள் முன்பே செய்து முடித்துவிட்டார்கள். கணினியில் அது வாங்குபவரின் பொறுப்பாகிறது.

தெரிவுக்கு அடிப்படையாக அமைவது நேரம். திரையில் அசைவு தடையின்றித் தெரிய, செக்கனுக்கு 60 படங்கள் வரையப்பட வேண்டும் என்று வைத்துக்கொண்டால், ஒரு படத்துக்குக் கிடைப்பது 16.7 மில்லிசெக்கன். அந்த இடைவெளிக்குள் புரொசெசர் விளையாட்டுக் கருவியில் அழுத்தப்பட்ட பொத்தானை வாசித்து, ஒவ்வொரு பாத்திரமும் எங்கே நிற்கிறது, எறியப்பட்ட குண்டு எங்கே விழும், எதிரி எந்தப் பக்கம் திரும்புவான் என்பவற்றைக் கணித்து, எதையெதை வரைய வேண்டும் என்ற கட்டளைகளைத் தயாரிக்கிறது. கிராபிக்ஸ் கார்ட் அந்தக் கட்டளைகளைப் பெற்று, முக்கோணங்களாலான உலகைத் திரையின் தளத்தில் விழுத்தி, ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒளியையும் நிறத்தையும் கணிக்கிறது. 1920×1080 அளவுள்ள திரையில் 20 இலட்சத்து 73 ஆயிரத்து 600 பிக்சல்கள் உள்ளன. செக்கனுக்கு அறுபது முறை என்றால் 12 கோடியைத் தாண்டுகிறது. 4கே திரையில் இந்த வேலை நான்கு மடங்காகிறது.

இந்த இரண்டு வேலைகளும் இயல்பிலேயே வேறானவை. புரொசெசரை, வயலுக்கு நீர் பங்கிடுவதைக் கவனிக்கும் வட்டை விதானையாருக்கும், கிராபிக்ஸ் கார்டை வெட்டுக்கு இறங்கும் ஆட்களுக்கும் ஒப்பிடலாம். எந்த வாய்க்காலை எப்போது திறப்பது என்று தீர்மானிக்கப் பத்துப் பேர் கூடினால் குழப்பம்தான் மிஞ்சும்; கதிரறுப்பிலோ எத்தனை பேர் இறங்குகிறார்களோ அத்தனை விரைவில் வயல் முடியும். ஒரு பிக்சலின் நிறத்தைக் கணிக்கப் பக்கத்துப் பிக்சலின் விடைக்காகப் பெரும்பாலும் காத்திருக்க வேண்டியதில்லை என்பதால், ஏஎம்டி ஆர்எக்ஸ் 6600 போன்ற இடைத்தரக் கார்டிலும் 1,792 சிறு கணிப்பு அலகுகள் ஒரே நேரத்தில் இயங்குகின்றன. அதனோடு சேர்க்கக்கூடிய ரைசன் 5 5600 புரொசெசரில் ஆறே ஆறு கருக்கள்தாம். ஆனால் அவை ஒவ்வொன்றும் மிக விரைவானவை.

கார்ட் ஒரு படத்தை வரைந்துகொண்டிருக்கும்போதே புரொசெசர் அடுத்த படத்துக்கான கட்டளைகளைத் தயாரிக்கத் தொடங்கிவிடும். ஆகையால் மொத்த வேகத்தைத் தீர்மானிப்பது இருவரில் மெதுவானவர். புரொசெசர் ஒரு படத்துக்கு 9 மில்லிசெக்கனும் கார்ட் 20 மில்லிசெக்கனும் எடுத்தால், செக்கனுக்கு 50 படங்களே கிடைக்கும். கூடுதல் பணம் கொடுத்து 6 மில்லிசெக்கனில் முடிக்கும் புரொசெசரை வாங்கினாலும் அதே 50தான். மிச்சமான மூன்று மில்லிசெக்கனை அது சும்மா காத்திருந்து கழிக்கும். அதே பணத்தைக் கார்டில் போட்டு 20ஐ 14 ஆக்கினால் எண்ணிக்கை 71க்கு உயரும். எந்தப் பக்கம் தடை இருக்கிறது என்பதை அறிய ஓர் எளிய சோதனை உண்டு: விளையாட்டின் திரைத் துல்லியத்தை 1080இலிருந்து 720க்குக் குறைத்துப் பார்க்க வேண்டும். வேகம் ஏறினால் தடையாக இருந்தது கார்ட். அசையாமல் நின்றால் தடை புரொசெசர், ஏனெனில் பிக்சல் குறைந்தாலும் எதிரிகளின் எண்ணிக்கை குறைவதில்லை.

கொன்சோலின் உண்மையான பலம் நினைவகத்தில் இருக்கிறது என்பது என் கருத்து. பிளேஸ்டேஷன் 5இன் நினைவகம் செக்கனுக்கு 448 ஜிபி தரவைக் கொடுக்கவல்லது. தனிக் கார்ட் வாங்காமல், புரொசெசருக்குள்ளேயே கிராபிக்ஸ் உள்ள ரைசன் 5 5600ஜி போன்ற ஒன்றை நம்பி மலிவான கணினி அமைப்பவர், கணினியின் பொது நினைவகமான ராமில், டிடிஆர்4-3200 வகையென்றால், தரவு செல்லும் ஒரு தடத்துக்குச் செக்கனுக்கு 25.6 ஜிபியை மட்டுமே பெறுகிறார். 16 ஜிபி ராமை ஒரே துண்டாக வாங்காமல் எட்டு எட்டாக இரண்டு துண்டுகளாக வாங்கினால் இரண்டு தடங்களும் திறந்து, அது 51.2 ஆகிறது, அதே கொள்ளளவில் விளையாட்டு கண்ணுக்குத் தெரியும்படி வேகம் பெறும். ஆனாலும் 448 எங்கே, 51 எங்கே? அதனால்தான் தனிக் கார்ட் தேவைப்படுகிறது. ஆர்எக்ஸ் 6600 தனக்கென 8 ஜிபி நினைவகத்தையும் செக்கனுக்கு 224 ஜிபி தடத்தையும் வைத்திருப்பதோடு, அடிக்கடி வேண்டப்படும் தரவுக்காகச் சில்லுக்குள்ளேயே 32 மெகாபைட் களஞ்சியத்தையும் கொண்டுள்ளது.

எனவே பட்ஜெட்டில் கார்டுக்கே பெரும்பங்கு போக வேண்டும். மொத்தத்தில் மூன்றில் ஒன்றுக்குக் குறைந்தால் அது விளையாட்டுக் கணினி என்பதைவிட அலுவலகக் கணினி என்பதே பொருந்தும். வண்ண விளக்கு எரியும் கேசிங்கும் கண்ணாடிப் பக்கமும் ஒரு மில்லிசெக்கனையும் குறைப்பதில்லை. ஹார்ட் டிஸ்கை மட்டும் தவிர்த்துவிட வேண்டும். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டில் தேவையான இடம் ஊசியடிக்கு வர, சராசரியாக அரைச் சுற்றுக்கே 4 மில்லிசெக்கன் போய்விடும்; ஊசி நகரும் நேரம் தனி. சுழலும் தட்டே இல்லாத சாதாரண எஸ்எஸ்டியில் அந்தக் காத்திருப்பு மில்லிசெக்கனின் ஒரு சிறு பகுதியே.

புதிய பாகங்களுக்குக் காசு போதாதபோது பலர் நாடுவது பாவித்த அலுவலகக் கணினியை. இன்டெலின் நான்காம் தலைமுறை ஐ5 புரொசெசர் கொண்ட டெல் ஒப்டிபிளெக்ஸ் 7020, 9020 வகைகள் மலிவு, உறுதியானவை. இங்கே தடை வேகத்தில் அல்ல, மின்சாரத்தில் இருக்கிறது. கோபுர வடிவில் வருபவற்றின் பவர் சப்ளை 290 வாற்று. மதர்போடுக்குப் போகும் இணைப்பில் வழமையான 24 ஊசிகளுக்குப் பதிலாக எட்டே உள்ளதால், கடையில் கிடைக்கும் வேறொன்றை நேரடியாக மாட்ட முடியாது. ஆகவே மதர்போடின் சொருகியே தரும் 75 வாற்றுக்குள் இயங்கும் கார்ட்தான் சரிவரும். ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, தனி மின்வயர் கேட்காத ஜிடிஎக்ஸ் 1650 ஆகியவை அந்த வகை. ஒடுங்கிய பெட்டி என்றால் கார்டும் அரை உயரமாக இருக்க வேண்டும். இந்தத் தலைமுறையை விண்டோஸ் 11 ஏற்பதில்லை, விண்டோஸ் 10க்கான ஆதரவோ 2025 ஒக்டோபரில் நின்றுவிட்டது. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் இயங்குதளத்தைப் போடலாம் என்றாலும், வலரன்ட் போன்ற, ஏமாற்றுத் தடுப்பு கடுமையான விளையாட்டுகள் அதில் ஓடாது என்பதால், வாங்குமுன் எதை விளையாடப் போகிறோம் என்பதைத் தீர்மானிப்பது நல்லது.

பாவித்த கார்ட்களில் ஆர்எக்ஸ் 580ஐ மலிவாகக் காணலாம். அந்தப் பெயரில் இரண்டு வகைகள் உலாவுகின்றன: 2017இல் வந்த மூல வகையில் 2,304 கணிப்பு அலகுகள்; பின்னர் வந்த மற்றதில் 2,048. பெட்டியை மட்டும் பார்த்தால் வேறுபாடு தெரியாமல் போகலாம். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். கொழும்பு யுனிட்டி பிளாசாவில் வாங்கி வருபவர் அங்கேயே ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். பழுதென்று மாற்றப் போவது ஓர் இரவுப் பயணம், திரும்பி வருவது இன்னொன்று.

இணையத்தில் வரும் சோதனை அறிக்கைகள் பெரும்பாலும் 21, 22 பாகை செல்சியஸ் அறையில் எடுக்கப்பட்டவை. வெப்பத்தட்டும் விசிறியும் சில்லைச் சூழலைவிடக் குளிராக்குவதில்லை. சூழலுக்கு மேல் எத்தனை பாகை ஏறுகிறது என்பதை மட்டுமே கட்டுப்படுத்துகின்றன. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையை இறக்கிவிட்டு, கிழக்கே உலர்ந்து சூடேறி இறங்குவதே நம்மூர்க் கச்சான். அந்த மாதங்களில் அறை 34 பாகையை எட்டினால், அறிக்கையில் 70 பாகை காட்டிய கார்ட் இங்கே 83ஐ நெருங்கும். விசிறி இரையும், அதற்கும் மேலே போனால் கார்ட் தானாகவே வேகத்தைக் குறைக்கும். குளிர்சாதனம் வாங்க வேண்டியதில்லை. சில்லின் வலுச் செலவு வோல்ற்றளவின் வர்க்கத்துக்கும் மீடிறனுக்கும் விகிதசமமாக இருப்பதால், கார்டின் மென்பொருளில் மீடிறனை மாற்றாமல் வோல்ற்றளவை மட்டும் பத்து வீதம் குறைத்தால், அந்தச் செலவு ஏறத்தாழ 19 வீதம் குறையும். எல்லாச் சில்லும் அவ்வளவு குறைவைத் தாங்காது. சிறிது சிறிதாக இறக்கி, விளையாட்டு உறையும் இடத்தில் ஒரு படி ஏற்றி நிறுத்த வேண்டும். முன்பக்கம் காற்று உள்ளே, பின்பக்கம் வெளியே என்று இரண்டு விசிறிகள் இருந்தால் போதும்.

கல்லடி, திருக்கோவில், பொத்துவில் போன்ற கரையோர இடங்களில் வெப்பத்தைவிட உப்பு மோசமானது. காற்றில் வரும் உப்புத் துகள் ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். தூசியோடு சேர்ந்து செப்புத் தடங்களில் படிந்தால் மெல்லிய மின்கடத்தும் படலமாகி அரிப்பைத் தொடங்கும். மாரி காலத்தில் பல வாரங்கள் மூடி வைத்த கணினி திடீரென எழும்ப மறுத்தால், பழுதுபார்ப்பவர் முதலில் ராமைக் கழற்றி அதன் பொன்முலாம் பூசிய விளிம்பை அழிறப்பரால் மெதுவாகத் தேய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். படலம் நீங்கினால் தொடுகை திரும்பக் கிடைக்கிறது. கடற்கரை யன்னலை விட்டுத் தள்ளி வைப்பதும், பாவிக்காத நாள்களிலும் கொஞ்ச நேரம் ஓட விடுவதும் உதவும், ஏனெனில் உட்புறம் சூடாக இருந்தால் அங்கே சாரீரப்பதன் குறையும்.

மின்சாரத்துக்கு வந்தால், மேலே சொன்ன ரைசன்–ஆர்எக்ஸ் 6600 சோடி விளையாட்டின்போது 250 வாற்றுக்குள் அடங்கும். பிளேஸ்டேஷன் 5உம் 200 வாற்று அளவில் எடுப்பதால் கட்டணப் பட்டியலில் பெரிய வித்தியாசம் தெரியாது. பவர் சப்ளை 500 வாற்று அளவில், 80 பிளஸ் என்ற வினைத்திறன் முத்திரையோடு இருக்கட்டும். பாதிச் சுமையை அண்டியே அதன் வினைத்திறன் உயர்வாக இருக்கும். மின் துண்டிக்கப்பட்ட கணத்தில் பவர் சப்ளையின் கொள்ளளவிகள் பத்துப் பதினைந்து மில்லிசெக்கன் வரை கணினியைத் தாங்கும். மின் நின்றால் பற்றரியிலிருந்து மின் கொடுக்கும் யுபிஎஸ் கருவி, பற்றரிக்கு மாறுவதற்கு எடுக்கும் நேரம் வழமையாக அதைவிடக் குறைவு. அந்தச் சிறு இடைவெளியில்தான் இரண்டும் ஒத்துழைக்கின்றன. மலிவு பவர் சப்ளையில் கொள்ளளவி சிறிதாக இருந்தால், யுபிஎஸ் இருந்தும் கணினி அணைந்துபோகும். யுபிஎஸ்ஸின் மேல் எழுதியிருக்கும் 650 விஏ என்பது 650 வாற்று அல்ல. பெரும்பாலும் 360 வாற்றை ஒட்டியதே. சித்திரை இடிமழையில் செருகியைக் கழற்றிவிடுவதற்கு ஈடான பாதுகாப்புக் கருவி இதுவரை எதுவும் இல்லை.

கணினியின் பக்கம் சாயும் இன்னொரு காரணம், இணையத்தில் பிறரோடு ஆடுவதற்குச் சந்தா இல்லாமை. பிளேஸ்டேஷன் 4 காலத்திலிருந்து, விலை கொடுத்து வாங்கிய பெரும்பாலான விளையாட்டுகளுக்குக்கூடக் கொன்சோலில் அந்தச் சந்தா கட்டாயம். கார்ட் பழையதானாலும் ஏஎம்டி 2021இல் வெளியிட்ட எஃப்எஸ்ஆர் முறை கைகொடுக்கும்: அதன் ‘தரம்’ என்ற தெரிவில், படத்தை 1280×720இல் வரைந்து 1080க்குப் பெருப்பிப்பதால், கார்ட் கணிக்க வேண்டிய பிக்சல்கள் பாதிக்கும் கீழே இறங்குகின்றன.

ஆனால் வீட்டில் 4கே தொலைக்காட்சி ஏற்கெனவே இருந்து, பாடத்துக்கோ தொழிலுக்கோ கணினி தேவைப்படாமல், குறிப்பிட்ட இரண்டொரு விளையாட்டுக்காகவே கேட்கிறவர் கொன்சோலையே வாங்கலாம். மொனிட்டர், விசைப்பலகை, யுபிஎஸ் மூன்றையும் கணக்கில் சேர்த்தால் அவருக்குக் கணினி மலிவாக அமையாது. உயர்தரத்தில் தொழினுட்பம் படிக்கும் பிள்ளை உள்ள வீட்டில் அந்த மூன்றும் எப்படியும் வாங்கப்படும் என்பதால், அங்கே கணக்கு மறுபக்கம் சாய்கிறது. மேலதிகச் செலவாக மிஞ்சுவது கார்டும் சற்றுப் பெரிய பவர் சப்ளையும் மட்டுமே.