நிறைய மாட்டுகிறது என்றால் நிறைய இருக்கிறதா? நிப்பிசிங் ஏரிக்குக் கிளம்பும் முன்

ஒவ்வொரு வருடமும் மே மாதம் மூன்றாம் சனிக்கிழமை, அதாவது இங்கே கனடாவின் ஒன்டாரியோவில் பிக்கரல் மீன் பிடிக்கும் சீசன் திறக்கும் நாள் முடிந்ததும், ரொறன்ரோ ஸ்காபரோவிலிருந்து ஓர் அண்ணன் எனக்குப் போன் செய்வார். யாழ்ப்பாணத்துக்காரர், சின்ன வயதில் அப்பாவோடு கடலுக்குப் போய் வளர்ந்தவர், அவர் தூண்டில் போட்டால் வெறுங்கையோடு திரும்பி நான் பார்த்ததில்லை. ஒரு வருடம் இப்படிக் கேட்டார்: "தம்பி, உந்த ஏரியில மீன் குறைஞ்சிட்டுதெண்டு சொல்லுறியள். நானும் மச்சானும் ரெண்டு மணித்தியாலத்தில லிமிட் எடுத்திட்டம். எங்க குறைஞ்சது?"

லிமிட் என்றால் ஓர் ஆள் சட்டப்படி எடுக்கலாம் என்ற எண்ணிக்கை. அவர் பொய் சொல்லவில்லை. நாங்கள் வலை போட்டு எண்ணுகிற கணக்கும் பொய் இல்லை. ஒரே ஏரியில் ஒரே நேரத்தில் இரண்டும் உண்மையாக இருக்க முடியும், அது எப்படி என்று அன்றைக்கு அவரிடம் முக்கால் மணி நேரம் பேசினேன். அதே கேள்வியை அப்புறம் பலர் கேட்டுவிட்டார்கள், அதனால் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் தூத்துக்குடியில் மீன்வளம் படித்துவிட்டு இங்கே வந்தவன், பதினோரு வருடமாக ஒன்டாரியோ ஏரிகளில் மீன் கணக்கெடுப்பு வேலை. ரொறன்ரோவிலிருந்து வடக்கே மூன்றரை மணி நேரம் வண்டி ஓட்டினால் நார்த் பே நகரம், அதன் கரையில்தான் நிப்பிசிங் ஏரி. 65 கிலோமீட்டர் நீளம், ஏறக்குறைய 870 சதுர கிலோமீட்டர் பரப்பு. இவ்வளவு பெரிய ஏரிக்குச் சராசரி ஆழம் நாலரை மீட்டர்தான். தென்மேற்கில் பிரெஞ்சு ஆறு வெளியேறும் பக்கம் 50 மீட்டருக்கு மேலும் இறங்கும் பள்ளம் உண்டு, மற்றபடி நம் ஊர்ப் பெரிய கண்மாய் மாதிரி தட்டையாக விரிந்து கிடக்கும். காற்றடித்தால் அடிவரை கலங்கும். வெயிலடித்தால் அடிவரை சூடாகும். ஆழமான ஏரிகளில் கோடையிலும் கீழே ஒரு குளிர்ந்த அடுக்கு இருக்கும், மீன் அங்கே போய் ஒதுங்கும். இங்கே பெரும்பகுதியில் அந்த வசதி இல்லை. (படகில் போகிறவர்களுக்கு ஒன்று: ஆழம் இல்லாததால் அலை குட்டையாக, செங்குத்தாக, சட்டென்று எழும். சின்னப் படகை எடுத்துக்கொண்டு நடு ஏரிக்குப் போகாதீர்கள், உயிர்காப்பு உடுப்பைக் காலடியில் போட்டு வைக்காமல் மாட்டிக்கொள்ளுங்கள்.)

ஆழம் குறைந்த ஏரி மீனுக்கு நல்ல வீடுதான். வெளிச்சம் அடி வரை போகிறது, பூச்சி புழு பெருகுகிறது, அதைத் தின்று பெர்ச் என்ற சின்ன மீன் பெருகுகிறது, பெர்ச்சைத் தின்று பிக்கரல் வளர்கிறது. அமெரிக்கப் பக்கம் வால்-ஐ என்பது இதே மீன்தான். அதன் கண்ணுக்குள் பூனைக்கண் போல ஒளியைத் திருப்பியடிக்கும் ஓர் அடுக்கு இருக்கிறது, அதனால் மங்கிய வெளிச்சத்திலும் கலங்கிய நீரிலும் பெர்ச்சைவிட அதற்கு நன்றாகத் தெரியும். அந்தியிலும் விடியலிலும், காற்று அறைகிற கரையிலும் பிக்கரல் கடிப்பதன் காரணம் இதுதான்.

இப்போது அண்ணனின் கேள்விக்கு வருகிறேன். பிக்கரல் ஏரி முழுக்கச் சமமாகப் பரவி வாழும் மீன் இல்லை. பாறை மேடுகள், களைப்படுகையின் ஓரம், ஆற்று வாய் என்று சில இடங்களில் கூட்டமாகக் கூடும். ஏரியில் பத்தாயிரம் இருந்தாலும் அங்கேதான் கூடும், நாலாயிரமாகக் குறைந்தாலும் மிச்சம் இருப்பவை அதே மேட்டுக்குத்தான் வரும். அந்த மேடு எங்கே என்று அண்ணனுக்குத் தெரியும், தெரியாதவர்களுக்குச் சோனார் திரை காட்டிக்கொடுக்கும், குளிர்காலத்தில் உறைந்த ஏரியின் மேல் கூடாரம் வாடகைக்கு விடுகிறவர்கள் மீன் நகர நகரக் கூடாரத்தையும் நகர்த்தி வைப்பார்கள். அதனால் மீன் பாதியாகக் குறைந்த பிறகும் மீன்பாடு குறையாமல் இருப்பதுபோலத் தெரியும். ஒரு நாள் அது சட்டென்று விழும், விழுந்த பிறகு தூக்கி நிறுத்தப் பல வருடம் பிடிக்கும். மன்னார் வளைகுடாவில் மீன்பிடிப்பவர்களிடம் கேட்டால் இதே கதையை வேறு மீனின் பெயரை வைத்துச் சொல்வார்கள்.

நிப்பிசிங்கில் இந்தச் சரிவு நடந்தது. 2014க்கு முன்னால் இங்கே ஒரு விதி இருந்தது: 40 சென்டிமீட்டருக்கும் 60 சென்டிமீட்டருக்கும் இடைப்பட்ட பிக்கரலை எடுக்கக் கூடாது, அதற்குக் குறைந்ததை எடுக்கலாம். முட்டையிடும் மீன்களைக் காப்பாற்றுகிற நல்ல எண்ணத்தில் போட்ட விதிதான். ஆனால் நடந்தது என்ன? எல்லோரும் 40க்குக் கீழே உள்ளதையே எடுத்தார்கள். காப்பாற்ற வேண்டிய அளவுக்கு வளரும் முன்பே குஞ்சும் குட்டியும் பாத்திரத்துக்குப் போயின. 2014இல் விதியைத் திருப்பிப் போட்டார்கள், 46 சென்டிமீட்டருக்குக் குறைந்தது எதையும் எடுக்கக் கூடாது, ஆளுக்கு இரண்டுதான் என்று.

இந்த 46 ஏன் என்று பலருக்குக் கோபம். ஒரு காட்சியைச் சொல்கிறேன். இலையுதிர் காலத்தில் நீர் 15 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் வேறு வேறு கண்ணளவு உள்ள வலைகளை ஓர் இரவு போட்டு வைப்போம், காலையில் எடுத்து மேஜையில் ஒவ்வொன்றாக அளப்போம், எடை போடுவோம், வயிற்றைத் திறந்து பார்ப்போம். அன்று என் கையில் இருந்தது 39 சென்டிமீட்டர் மீன், கொழுத்த உடம்பு, யார் பார்த்தாலும் குழம்புக்கு ஆசைப்படுவார்கள். திறந்தால் பெண். அடுத்த வசந்தத்தில் முட்டையிடப்போகும் மீனுக்கு அந்த நேரத்தில் சினை மஞ்சளாகத் திரண்டிருக்க வேண்டும். இதற்கு இருந்ததோ முதுகெலும்பை ஒட்டி இரண்டு மெல்லிய இளஞ்சிவப்பு இழை, அவ்வளவுதான். தலையைப் பிளந்து மூளைக்கு அடியில் இருக்கும் காதுக்கல்லை எடுத்தேன். வெள்ளையாக, கைக்குத்தல் அரிசி மணி போல இருக்கும். அதை நடுவில் உடைத்து, உடைந்த முகத்தை விளக்குச் சுடரில் லேசாகக் காட்டினால் வளையங்கள் பழுப்பாக எழும்பும், ஒரு சொட்டு எண்ணெய் விட்டு நுண்ணோக்கியில் எண்ண வேண்டும். நாலு வளையம். நாலு குளிர்காலம் உயிரோடு தப்பித்த மீன், ஒரு முறைகூட முட்டையிடாமல் என் மேஜைக்கு வந்துவிட்டது. கணக்கெடுப்புக்காகச் சில மீன்கள் சாகத்தான் செய்கின்றன, அதைச் சொல்ல எனக்கு மகிழ்ச்சி இல்லை. ஆனால் அந்த ஒரு மீன் சொன்னதை எந்த அட்டவணையும் எனக்கு அவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

தாய் மீன் தன் எடையில் ஒரு கிலோவுக்கு 50,000 முட்டை போலப் போடும். பனி உருகி நீர் 6, 7 டிகிரியைத் தொட்டதும், சரளைக்கல் கிடக்கும் ஆற்று வாயிலும் அலை மோதும் கல் மேட்டிலும் இரவில் கூடும். கேலண்டர் ஊர்ப் பக்கம் வாசி அருவிக்குக் கீழே இதைப் பார்க்கலாம். முட்டையைக் கல் இடுக்கில் விட்டுவிட்டுப் போய்விடும், காவல் எல்லாம் கிடையாது. அந்த வாரம் திடீரென்று குளிர் திரும்பினாலும், ஆற்றில் நீர் மட்டம் இறங்கினாலும் அந்த வருடக் குஞ்சு போயிற்று. நாலைந்து வருடத்துக்கு ஒன்றுதான் நல்ல வருடமாக அமையும் என்று வைத்துக்கொள்ளுங்கள், அப்படியென்றால் தாய் மீன் பல வசந்தங்களைப் பார்த்தால்தான் அதில் ஒன்றாவது நல்ல வருடமாக வாய்க்கும். தமிழ்நாட்டுக் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் விடுகிறார்களே, அதே கணக்குத்தான் இங்கே வசந்தத்தில் சீசனை மூடுவதும்.

இந்த இடத்தில் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார்: "பூர்வகுடிகள் வலை போட்டு அள்ளுகிறார்கள், நாங்கள் மட்டும் அளவுகோலோடு நிற்க வேண்டுமா?" நம் ஆட்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன், மனது வலிக்கிறது. நிப்பிசிங் முதல் குடி மக்கள் இந்த ஏரிக்கரையில் வாழ்ந்த காலம் நாம் எண்ண முடியாதது, 1850ஆம் ஆண்டு ராபின்சன்-ஹூரான் உடன்படிக்கையில் அவர்களுடைய மீன்பிடி உரிமை எழுதப்பட்டிருக்கிறது. அவர்களுக்கென்று சொந்தமாக மீன்பிடிச் சட்டம் இருக்கிறது, பிடிக்கலாம் என்று வைத்த அளவு எட்டியதும் தங்கள் வணிக வலைகளை அவர்களே எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், 2016இல் மாகாண அமைச்சகத்தோடு உடன்பாடு போட்டு மீனைச் சேர்ந்து கண்காணிக்கிறார்கள். ஏரிக்கு வலையும் ஒன்றுதான், தூண்டிலும் ஒன்றுதான். நம் பங்கை நாம் சரியாக வைத்துக்கொள்வோம்.

சரி, நம் பங்கு என்ன? 46க்குக் குறைந்ததை விட வேண்டும், அது சட்டம். ஆனால் விட்ட மீன் பிழைக்கிறதா என்பதுதான் எனக்குத் தூக்கம் கெடுக்கும் விஷயம். நீந்திப் போய்விட்டது என்பதால் பிழைத்துவிட்டது என்று நினைக்காதீர்கள், தொண்டையில் தூண்டில் முள் குத்தியது பலவும் மறுநாள் செத்து மிதக்கும். முள் உள்ளே இறங்கியிருந்தால் இழுத்துப் பிடுங்காமல் தங்கூசி நூலை வாய் அருகே வெட்டி விட்டுவிடுங்கள். கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள், காய்ந்த கையோ துண்டோ பட்டால் அதன் வழவழப்பு உரிந்து போகும், அதுதான் அதற்குத் தோல் மேல் இருக்கும் காப்பு. ஜூலை, ஆகஸ்டில் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும்போது விட்ட மீன் சாகும் வாய்ப்பு மிக அதிகம், அந்த நாட்களில் இரண்டு கிடைத்ததும் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு கரையேறுங்கள், இன்னும் இருபது பிடித்து விடுவது விளையாட்டு இல்லை. குளிர்காலத்தில் வேறு சிக்கல்: மைனஸ் 20 டிகிரியில் படமெடுக்கத் தூக்கிப் பிடித்தால் செவுளும் கண்ணும் நொடியில் உறையத் தொடங்கும். பனியில் போட்ட துளைக்குள் தலை இருக்கும்போதே முள்ளைக் கழற்றுங்கள்.

பெரிய மீன் கிடைத்தால்? சட்டம் அனுமதித்தாலும் 60, 65 சென்டிமீட்டர் தாய் மீனை விட்டுவிடுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். ஏரிக்காக மட்டும் இல்லை. பிக்கரல் பிற மீனைத் தின்னும் மீன், வயது ஏற ஏற அதன் சதையில் பாதரசம் சேர்ந்துகொண்டே போகும். எந்த ஏரியில் எந்த அளவு மீனை மாதம் எத்தனை முறை சாப்பிடலாம் என்று மாகாண அரசு வழிகாட்டி வெளியிடுகிறது, கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் அதில் தனிக் கணக்கு. வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருக்கும்போது ஆசையாகப் பெரிய மீனைக் கொண்டுபோய்க் குழம்பு வைத்துக் கொடுப்பவர்களை எனக்குத் தெரியும், அன்புதான் காரணம், ஆனால் பிள்ளைத்தாய்ச்சிக்குச் சின்ன மீன்தான் நல்லது.

வாட்ஸ்அப் குழுக்களில் "பிரெஷ் பிக்கரல், கிலோ இவ்வளவு" என்று போடுகிறார்கள். தூண்டிலில் பிடித்த மீனை விற்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம், பண்டமாற்றும் குற்றம். கரையிலேயே தோலுரித்துத் துண்டு போட்டு எடுத்து வருவதும் வேண்டாம், என்ன மீன், எத்தனை, எவ்வளவு நீளம் என்று அதிகாரி வழியில் நிறுத்திப் பார்த்தால் தெரிய வேண்டும். நமக்குத் தலையும் முள்ளும் இருந்தால்தானே குழம்பு, முழுசாகவே கொண்டுவாருங்கள்.

படகு வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. தங்கூசியில் ஈரப் பஞ்சு போல ஒரு கொத்து ஒட்டிக்கொண்டு வந்தால் அது முள்வால் நீர்த்தெள்ளு. ஒரு சென்டிமீட்டர் உயிரி, அதில் பாதிக்கு மேல் முள். குஞ்சு மீன் தின்னும் நுண்ணிய மிதவை உயிரிகளை இது தின்று தீர்க்கும், அந்த முள்ளால் இதைக் குஞ்சு மீனால் விழுங்கவும் முடியாது. நிப்பிசிங்கில் ஏற்கெனவே வந்துவிட்டது. அடுத்த ஏரிக்கு அது நம் படகில் ஒட்டிக்கொண்டு போகக் கூடாது: 2022 ஜனவரி 1 முதல், படகை ஏரியை விட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போகும் முன் அடைப்பைக் கழற்றித் தண்ணீரை வடித்து, ஒட்டிய களையைத் துடைக்க வேண்டும் என்பது ஒன்டாரியோ சட்டம்.

2014க்குப் பிறகு பிக்கரல் மெல்ல மெல்லத் தேறி வருகிறது, இதை எழுதும்போது மனதுக்கு நிறைவாக இருக்கிறது. சீசன் திறந்த முதல் இரண்டு வாரம் ஆற்று வாய்களுக்கு வெளியே இரண்டு மூன்று மீட்டர் ஆழத்தில் பாருங்கள், முட்டையிட்டு இளைத்த மீன் அங்கேதான் மேயும். ஜூன் நடுவிலிருந்து புதுக் களைப்படுகையின் வெளி ஓரம். குடும்பத்தோடு, பிள்ளைகளோடு போகிறீர்கள் என்றால் பிக்கரலை மறந்துவிட்டுப் பெர்ச் பிடியுங்கள், மண்புழு போதும், கடித்துக்கொண்டே இருக்கும், பொரியலுக்கு அதை அடிக்க ஆள் இல்லை. 18 வயதுக்குக் கீழும் 65 வயதும் அதற்கு மேலும் உள்ள கனடாவாசிகளுக்கு உரிமம் எடுக்க வேண்டியதில்லை, மற்றவர்கள் எடுத்துக்கொண்டு, மாகாணத்தின் மீன்வள மேலாண்மை மண்டலம் 11 விதிகளில் நிப்பிசிங்குக்கென்று இருக்கும் தனிப் பகுதியை அந்த வருடத்துக்குப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள், ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடும். சந்தேகம் இருந்தால் எனக்குப் படம் அனுப்புங்கள், பக்கத்தில் அளவுகோல் இருக்கட்டும், மீன் தண்ணீருக்குள்ளேயே இருக்கட்டும்.