புளியில் கரையும் பெருவழுதி

சங்ககாலப் பாண்டியர் வெளியிட்ட சதுரச் செப்புக் காசுகளில் ஒரு வகையில், 'பெருவழுதி' என்ற மன்னன் பெயர் தமிழ்-பிராமி எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது. மறுபக்கம் பாண்டியரின் மீன், சில கோடுகளாக. இந்தக் காசைப் படித்து உலகுக்குச் சொன்னவர் நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி. இலக்கியத்தில் மட்டுமே தெரிந்த ஒரு பெயர் உலோகத்தில் கிடைத்தது என்பது தமிழக வரலாற்றில் சின்ன விஷயமல்ல. அந்த எழுத்துகளின் மேடு ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்குதான். நம் வீடுகளில் செப்புக்குடம் துலக்கும் முறையில் யாராவது அந்தக் காசைப் புளி போட்டுத் தேய்த்திருந்தால், இன்று நம்மிடம் இருப்பது பளபளப்பான, ஒன்றுமே எழுதாத ஒரு செப்புத் துண்டு.

ஏன் அப்படி? தேய்த்தால் அழுக்குதானே போகும், எழுத்து உலோகத்தில்தானே இருக்கிறது என்று தோன்றும். உண்மையில் மண்ணில் நெடுங்காலம் கிடந்த செப்புக் காசில் எழுத்து பெரும்பாலும் உலோகத்தில் இருப்பதில்லை. களிம்பில்தான் இருக்கிறது.

ஈர மண்ணில் கிடக்கும் செம்பு மெல்ல மெல்ல அயனிகளாக மாறி வெளிநோக்கி நகர்கிறது. உலோகத்தை ஒட்டி முதலில் உருவாவது குப்ரைட் எனும் சிவப்பு நிறச் செம்பு ஆக்சைடு. அதையும் தாண்டி வெளியே வரும் செம்பு, மண்ணிலுள்ள கார்பன் டை ஆக்சைடுடனும் நீருடனும் சேர்ந்து மாலகைட் என்ற பச்சைக் கனிமமாகிறது. கூடவே மணலும் களிமண்ணும் ஒட்டிக்கொள்ளும். இது ஆண்டுக்கணக்கில் மிக நிதானமாக நடப்பதால், அச்சடித்த நாளில் காசின் மேற்பரப்பு எங்கே இருந்ததோ அந்த எல்லை கலையாமல் அடுக்குகளுக்கு நடுவே பதிந்துவிடுகிறது. உள்ளே இருக்கும் உலோகமோ தன் பங்கை இழந்து சுருங்கிப் போயிருக்கும். ஆக, மன்னன் பெயரைத் தாங்கி நிற்பது குப்ரைட்டும் மாலகைட்டும்.

புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம் கரைப்பது சரியாக இந்த இரண்டையும்தான். எலுமிச்சையின் சிட்ரிக் அமிலமும் அப்படியே. குடத்துக்கு இது நல்ல வைத்தியம். குடத்தில் உலோகம் தாராளமாக இருக்கிறது, அதன் மேற்பரப்பில் படிக்க வேண்டியது எதுவுமில்லை. காசு விஷயம் நேர்மாறு. களிம்பு கரைந்ததும் வெளிப்படுவது குழி விழுந்த வெறும் செம்பு.

வெள்ளிக் காசில் நடப்பது வேறு. பல வீடுகளில் விக்டோரியா ரூபாய் ஒன்றாவது இருக்கும். 11.66 கிராம் எடை, 91.7 சதவீதம் வெள்ளி. இதில் 1862 என்று ஆண்டு போட்டவை நிறையக் கிடைக்கும், ஏனென்றால் அதே ஆண்டைப் போட்டுப் பல வருடங்கள் அச்சடித்தார்கள். ஆண்டெண்ணை மட்டும் பார்த்து விலை பேசுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். சரி, இந்த ரூபாய் கறுத்துவிட்டது என்று திருநீறோ பல்பொடியோ போட்டுத் தேய்ப்பது நம் வழக்கம். விளக்குக்கும் குங்குமச்சிமிழுக்கும் செய்வதைக் காசுக்கும் செய்கிறோம்.

அச்சு வில்லை பெரும் அழுத்தத்தோடு வெள்ளித் தகட்டில் இறங்கும்போது, உலோகம் திடநிலையிலேயே நடுவிலிருந்து விளிம்பை நோக்கி வழிகிறது. அப்படி வழிந்த தடம் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய ஆரக்கோடுகளாகக் காசின் பரப்பில் பதிந்துவிடும். புழங்காத காசை விளக்கொளியில் சாய்த்துச் சுழற்றினால் ஒளிக்கற்றை ஒன்று வட்டமாகச் சுற்றி ஓடும். சேகரிப்பாளர்கள் 'லஸ்டர்' என்று சொல்லி ஆசையாகப் பார்ப்பது இதைத்தான். அந்த ஒளி வருவது வெள்ளியின் வெண்மையால் அல்ல, அந்தக் கோடுகளால். பல்பொடியின் துகள்கள் ஒரே தேய்ப்பில் அவற்றை அறுத்துவிடுகின்றன. அப்புறம் காசு பளிச்சென்றுதான் இருக்கும். ஆனால் ஒளி ஓடாது. திரும்ப வரவழைக்கவும் முடியாது.

கறுப்புக்குக் காரணம் வெள்ளி சல்ஃபைடு. காற்றில் மிகக் குறைந்த அளவில் இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு போதும். ரப்பர் பேண்ட், கம்பளித்துணி, மட்டமான அட்டை ஆல்பம் எல்லாமே கந்தகத்தை விடுபவை. படலம் சில பத்து நானோமீட்டர் தடிமனில் இருக்கும்போது (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) முதலில் இளமஞ்சள், பிறகு செந்நீலம், பிறகு நீலம் என்று நிறம் மாறுகிறது. படலத்தின் மேல்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும் அடிப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும் ஒன்றோடொன்று குறுக்கிட்டுச் சில நிறங்களைக் கூட்டி, சிலவற்றை அழிக்கின்றன. மழைநாளில் தார்ச்சாலையில் சிந்திய பெட்ரோல் வானவில் நிறம் காட்டுவதும் இதே இயற்பியல்தான். இயற்கையாக இப்படி நிறமேறிய காசுக்குக் கூடுதல் விலை கொடுப்பவர்களை நான் கிறுக்கர்களாக நினைப்பதில்லை. மெல்லிய, சீரான படலம் வெள்ளிக்கு ஓரளவு பாதுகாப்பும்கூட.

வெள்ளியின் கறுப்பைப் போக்கக் கடையில் விற்கும் 'டிப்' திரவம் சல்ஃபைடைக் கரைக்கும்போது அதில் சிக்கியிருக்கும் வெள்ளியையும் சேர்த்தே கொண்டுபோகிறது. ஒவ்வொரு முழுக்கிலும் ஆரக்கோடுகளில் கொஞ்சம் குறையும். அலுமினியத் தாளும் சமையல் சோடாவும் வைத்து வெந்நீரில் போடும் முறை இன்னும் நாசூக்கானது: அலுமினியம் எலக்ட்ரான்களைக் கொடுத்து, சல்ஃபைடில் உள்ள வெள்ளியை மீண்டும் வெள்ளியாக்கிவிடுகிறது. பாத்திரத்துக்கு அருமையான முறை. ஆனால் அந்த வெள்ளி பழைய கோடுகளில் போய் உட்காராது. நுண்துகள்களாகப் படிந்து மங்கலாகத் தெரியும்.

1940 முதல் 1945 வரை வந்த ஆறாம் ஜார்ஜ் ரூபாயில் வெள்ளி பாதிதான். மீதி 40 சதவீதம் செம்பு, நிக்கலும் துத்தநாகமும் ஐந்தைந்து. எம்.ஜி.ஆர். நூற்றாண்டுக்கு வந்த நூறு ரூபாய் நினைவு நாணயமும் இதே நாலு உலோகக் கலவைதான்; 35 கிராம், 44 மில்லிமீட்டர். வெள்ளி நாணயம் என்று வாங்கியது ஏன் பழுப்படிக்கிறது என்று கேட்பவர்களுக்குப் பதில் அந்த 40 சதவீதச் செம்பு. சேகரிப்பாளர்களுக்கென்றே கண்ணாடிபோலப் பளபளக்க அடிக்கும் புரூஃப் நாணயத்தில் விரல் பட்டால் வியர்வையின் உப்பும் அமிலமும் ரேகையை அப்படியே அரித்துப் பதித்துவிடும். விளிம்பைப் பிடித்துத் தூக்குவது வெறும் சம்பிரதாயமல்ல.

இதுவரை சொன்னதெல்லாம் தொடாதே என்ற பக்கம். தொட்டே ஆக வேண்டிய ஒன்றும் உண்டு. அதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம் என்பதுதான் எனக்கு வருத்தம். வெண்கல நோய் என்று அதற்குப் பெயர். பெயரில் வெண்கலம் இருந்தாலும் செம்புக்கும் வரும்.

உப்பு கலந்த மண்ணிலோ கடலோரத்திலோ கிடந்த காசில் குளோரைடு அயனிகள் உள்ளே புகுந்து, உலோகத்தை ஒட்டிச் செம்பு குளோரைடாகத் தங்கிவிடும். மண்ணுக்குள் அது சும்மா இருக்கும். காசு வெளியே வந்து காற்றின் ஈரமும் ஆக்சிஜனும் கிடைத்ததும் விழித்துக்கொள்ளும். வெளிர்பச்சைப் பொடி ஒன்றும், கூடவே ஹைட்ரோகுளோரிக் அமிலமும் உண்டாகும். அந்த அமிலம் புதுச் செம்பைத் தாக்கி மறுபடி செம்பு குளோரைடை உண்டாக்கும். அது மறுபடி ஈரத்தோடு வினைபுரியும். குளோரைடில் ஒரு பகுதி அமிலமாக மீண்டும் மீண்டும் திரும்பி வருகிறது என்பதுதான் இதன் கொடுமை. செம்போ குளோரைடோ தீரும்வரை சுழற்சி ஓடும். விட்டுவிட்டால் காசு பொடியாகும்வரைகூடப் போகலாம்.

காற்றின் ஈரப்பதம் சுமார் 42 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இந்த வினை அனேகமாக நின்றுவிடுகிறது. சென்னையில் ஆண்டின் பெரும்பகுதி 60 சதவீதத்துக்கு மேல். அதனால்தான் குளிர்ந்த, வறண்ட ஊர்களில் எழுதப்பட்ட சேகரிப்புக் குறிப்புகளை நாம் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. இறுக்கமாக மூடும் டப்பா, அதில் சிலிக்கா ஜெல், அது நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்திப் போடுவது: நம் ஊரில் இது அடிப்படைத் தேவை.

நல்ல களிம்பையும் நோயையும் எப்படிப் பிரிப்பது? நல்ல களிம்பு கெட்டியாக, வழவழப்பாக, அடர்பச்சையாகவோ பழுப்பாகவோ ஒட்டியிருக்கும். நோய் வெளிர்பச்சைப் புள்ளியாகத் தொடங்கும். பல்குச்சியால் தொட்டால் மாவாக உதிரும். துடைத்து வைத்த இடத்தில் சில நாளில் மறுபடி வரும். அப்படி ஒரு காசைக் கண்டால் முதலில் தனியே எடுத்து உலர்ந்த டப்பாவில் வையுங்கள். அருங்காட்சியகங்களில் குளோரைடை வெளியேற்றச் சோடியம் செஸ்கிகார்பனேட் கரைசலில் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஊறவைப்பார்கள். அல்லது பென்சோட்ரையசோல் என்ற வேதிப்பொருளால் செம்பின் மேல் காப்புப் படலம் போடுவார்கள். இரண்டாவது உடம்புக்குக் கெடுதல், வீட்டில் செய்யும் வேலையல்ல.

குளோரின் வெளியிலிருந்தும் வரும். குளோரின் கலந்த பிளாஸ்டிக்கான பி.வி.சி.யால் செய்த, மெத்தென்று வளையும் உறைகள் நாளடைவில் சிதைந்து அமிலத்தையும் பிசுக்கையும் கசியவிடும். காசின் மேல் பச்சைப் பிசின் படிவது அதனால்தான். உறையைத் திறந்தால் புதுப் பிளாஸ்டிக் நெடி அடித்தால் அதை உடனே மாற்றுங்கள். கொஞ்சம் விறைப்பான, நெடியில்லாத மைலார் எனும் பாலியெஸ்டர் உறை போதும். படிந்த பிசுக்கைத் தூய அசிட்டோன் கரைக்கும், உலோகத்தையும் களிம்பையும் தொடாது. தீப்பற்றும் பொருள், சன்னலைத் திறந்துவைத்து அடுப்பில்லாத இடத்தில் செய்ய வேண்டும். நகப்பூச்சு நீக்கி இதற்கு மாற்றல்ல, அதில் மணமும் நிறமும் கலந்திருக்கும்.

பதக்கங்களில் இன்னொரு சிக்கல். 1799 இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்ததற்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி வெளியிட்ட பதக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புலியை வீழ்த்தும் சிங்கம் அதில் இருக்கும். தங்கம், வெள்ளி, வெண்கலம், வெள்ளீயம் எனப் படிநிலைக்கேற்ற உலோகங்களில் அடித்தார்கள். இதுபோன்ற செம்பு, வெண்கலப் பதக்கங்களுக்கு அச்சுச்சாலையே வேதிப்பொருளாலும் வெப்பத்தாலும் பழுப்பு நிறம் ஏற்றித் தருவது அந்தக் காலத்து வழக்கம். பள்ளத்தில் நிழலும் மேட்டில் ஒளியும் விழுந்து உருவம் எடுப்பாகத் தெரிய அது கலைஞர் கணக்கிட்ட நிறம். அதைத் தேய்த்து எடுப்பது வேலைப்பாட்டில் பாதியை எடுப்பது.

அப்படியானால் மண் மூடி எதுவுமே தெரியாத காசை என்ன செய்வது? முதலில் ஒன்று: மண்ணிலிருந்து கிடைத்த புதையல் பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878 ஆம் ஆண்டுச் சட்டம். இன்றும் அது நடப்பில் இருக்கிறது. முறையாகக் கையிலிருக்கும் காசு என்றால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றி, தேய்க்காமல் ஒற்றி எடுக்கலாம். அதற்கு மேல் பாதுகாப்பு வல்லுநரின் வேலை. அவர் நுண்ணோக்கியின் கீழ் ஊசியும் சிறு கத்தியும் வைத்து மண்ணையும் மேலடுக்குப் பச்சையையும் துளித்துளியாக நீக்கிக்கொண்டே போவார். எழுத்தின் விளிம்பு குப்ரைட்டில் தெரிந்ததும் அங்கேயே நிறுத்திவிடுவார். செம்பு நிறம் கண்ணில் பட்டால் அவர் எல்லை தாண்டிவிட்டார் என்று அர்த்தம்.