பெயின்டர் அப்ரண்டிஸ்: சதுர அடிக் கணக்கு உங்களுக்குக் கிடையாது

மேஸ்திரியிடம் கையாளாகச் சேர்வது வேறு, 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் (தொழிற்பழகுநர்) சட்டப்படி சேர்வது வேறு. இரண்டு இடத்திலும் தேய்ப்பது அதே உப்புத்தாள்தான். அப்ரண்டிஸ்ஷிப் இந்தியா இணையதளத்தில் உங்கள் பெயரில் ஒப்பந்தம் பதிவாகியிருந்தால்தான் நீங்கள் அப்ரண்டிஸ்.

நான்கு பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்தில் அப்ரண்டிஸ் எடுக்க முடியாது; 30 பேரோ அதற்கு மேலோ இருந்தால் எடுத்தே ஆக வேண்டும். அதனால் பெரிய ஒப்பந்ததாரர்கள், தொழிற்சாலைகளில் விசாரியுங்கள். சென்னையில் ரயில் பெட்டி செய்யும் ஐசிஎப் தொழிற்சாலை, பெயின்டர் பிரிவில் ஐடிஐ (தொழிற்பயிற்சி நிலையம்) முடித்தவர்களையும் புதியவர்களையும் எடுக்கிறது. அங்கே சுவர் இல்லை, ரயில் பெட்டிதான். ஆனாலும் பட்டி, பிரைமர், ஸ்ப்ரே எல்லாம் முறையாகக் கைக்கு வரும்.

2019 திருத்த விதிப்படி குறைந்தபட்ச மாத உதவித்தொகை: 5 முதல் 9 வரை படித்தவருக்கு ரூ.5,000, பத்தாம் வகுப்புக்கு ரூ.6,000, ஐடிஐ சான்றிதழுக்கு ரூ.7,000. இரண்டாம் ஆண்டில் 10% கூடும். தனியார் நிறுவனம் என்றால், தேசிய அப்ரண்டிஸ் ஊக்குவிப்புத் திட்டத்தில் மத்திய அரசு இதில் 25%, அதிகபட்சம் ரூ.1,500, நேராக உங்கள் கணக்கில் போடும். ஐடிஐ படித்தவருக்கு அரசு தருவது ரூ.1,500, முதலாளி தருவது ரூ.5,500.

பெயர் பொருந்தாவிட்டால் அரசுப் பங்கு வராமல் சிக்கிக்கொள்ளலாம். மாற்றுச் சான்றிதழில் 'மு. செல்வம்', ஆதாரில் 'செல்வம் முருகன்' என்றிருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

இந்தத் தொழிலில் எளிதாக மீறப்படக்கூடியது அப்ரண்டிஸ் சட்டத்தின் பிரிவு 13. "இத்தனை சதுர அடி முடி, இவ்வளவு வாங்கிக்கோ" என்று அப்ரண்டிஸிடம் பேசவே கூடாது. வேலை குறைவு என்று உதவித்தொகையைக் குறைப்பதும் தவறு. அடுத்த மாதம் 10-ஆம் தேதிக்குள் பணம் வந்துவிட வேண்டும். அப்ரண்டிஸ் ஆலோசகர் என்ற அரசு அதிகாரியின் அனுமதி இல்லாமல் ஓவர்டைம் வேலை வாங்கவும் முடியாது. சாரத்திலிருந்து விழுந்தால், சட்டப்படி நிறுவனம்தான் இழப்பீடு தர வேண்டும். பதிவில்லாத கையாள் அடிபட்டால், அங்கே வேலை செய்தேன் என்று நிரூபிப்பதே பெரும்பாடு.

வருடம் முழுக்க உப்புத்தாள் மட்டுமே கையில் கொடுத்தால் அது பயிற்சி இல்லை. உங்கள் பயிற்சி முன்னேற்றத்துக்கு நிறுவனம் பதிவேடு வைத்திருக்க வேண்டும். அதைக் கேட்டுப் பாருங்கள். கலர் கலப்பது, ரோலர் வேலை, மர பாலிஷ் எதுவும் அதில் இல்லையென்றால், தமிழ்நாட்டில் மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் ஒப்பந்த நகலோடு எழுத்தில் புகார் கொடுங்கள்.