கீரையை எத்தனை மணிக்குப் பறிக்கிறோம்?

இரத்தச்சோகையோடு ஆலோசனைக்கு வரும் பெண்களிடம் உணவு முறையை விளக்கும்போது, பேச்சு கீரைக்கு வந்ததுமே பலர் சிரித்துவிடுவார்கள். தென்சென்னையின் மறுகுடியமர்வு அடுக்ககம் ஒன்றில் வசிக்கும் ஒருவர் அந்தச் சிரிப்புக்குக் காரணம் சொன்னார். விடியற்காலை 5.30 மணிப் பேருந்தில் வீட்டு வேலைக்குக் கிளம்பும் அவர் திரும்பும்போது மாலை 6.30 ஆகிவிடும்; அப்போது தள்ளுவண்டியில் மிஞ்சியிருப்பவை வாடிய கட்டுகள்தாம். "ஆய்ஞ்சா பாதி குப்பைக்குத்தான் போகுது மேடம். மீதிய ராத்திரியில ஆக்கக் கூடாதுன்னு மாமியார் சொல்றாங்க."

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தச்சோகை இருக்கிறது. கீரை உட்பட நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறி என்பது ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட பரிந்துரை. என்னிடம் வருபவர்களில் கீரையின் அருமை தெரியாதவர் அரிது. அவர்கள் வீடு திரும்பும் நேரத்துக்குத்தான் அது கிடைப்பதில்லை.

அந்தக் குடியிருப்பின் காலி இடத்தில் கூட்டுத் தோட்டம் அமைக்கும் முதல் முயற்சி ஒரு கோடையைக்கூடத் தாண்டவில்லை. ஓர் அமைப்பு நாற்றுகளைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு போனது; லாரித் தண்ணீருக்குக் குடங்களோடு வரிசையில் நிற்கும் ஊரில் செடிக்கு யார் ஒரு குடம் தருவார்கள் என்று எவரும் கேட்கவில்லை. அன்று மேடையில் இரும்புச்சத்தைப் பற்றிப் பேசிய நானும் கேட்கவில்லை.

இரண்டாம் முறை மகளிர் குழுவினர் முதலில் மண்ணைத் தோண்டிப் பார்த்தார்கள். செங்கல் துண்டுகளோடு உரிந்த பெயின்ட் சில்லுகளும் வந்தன. பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும். மண்ணிலுள்ள ஈயத்தைக் கீரைகள் ஓரளவு உறிஞ்சுவதோடு, தூசியாகவும் அது இலையில் படியும் என்பதால், அந்த மண்ணை விட்டுவிட்டு, வெளியிலிருந்து கொண்டுவந்த செம்மண்ணும் மட்கிய எருவும் நிரப்பிய உயர்ந்த பாத்திகளை அமைத்தோம். சாக்கடை நீரைப் பாய்ச்சலாம் என்ற யோசனையையும் தடுக்க வேண்டியிருந்தது. மலம் கலந்த நீர் கொக்கிப்புழுவைப் பரப்பும். கொக்கிப்புழு இரத்தத்தைக் குடிக்கும். எந்த நோய்க்காகத் தோட்டம் போடுகிறோமோ அதையே அங்கு விதைத்ததாகிவிடும். இப்போது மழைநீர்த் தொட்டியும், அரிசியும் காய்கறியும் கழுவிய நீரும் பெருமளவு கைகொடுக்கின்றன.

வேரோடு பிடுங்கும் சிறுகீரை, அறுக்க அறுக்கத் துளிர்க்கும் அரைக்கீரை, தண்டை ஒடித்து நட்டாலே வளரும் பொன்னாங்கண்ணி, ஓரத்தில் முருங்கை ஆகியவை போதுமென்று முடிவு செய்தார்கள். பறிக்கும் நேரத்தை மாலை 6 மணிக்கு வைத்துக்கொண்டதுதான் அவர்கள் செய்த புத்திசாலித்தனம். வேலைக்குப் போகாத மூத்த பெண்கள் உடனே ஆய்ந்து, ஈரத்துணியில் சுற்றி வைத்துவிடுகிறார்கள். வாங்கிப் போகிறவர் மறுநாள் விடியலில் அலசி அடுப்பில் ஏற்றலாம். இரவில் கீரை கூடாதென்பதற்கு மருத்துவக் காரணம் எதுவும் எனக்குத் தெரியாது. இருந்தாலும் மாமியாரோடு வாதாட வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. இறக்கியபின் எலுமிச்சை பிழிந்தால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும் என்பதையும், டீயைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்க வேண்டும் என்பதையும் மட்டும் நான் சொல்லிக்கொடுத்தேன்.

இப்படிப்பட்ட தோட்டத்துக்கு உதவ விரும்புவோர் நாற்றுகளை அனுப்ப வேண்டாம். தண்ணீர்த் தொட்டி, அக்னி நட்சத்திரத்துக்கு நிழல்வலை, எல்லாவற்றுக்கும் மேலாகப் பாத்திகளைப் பார்த்துக்கொள்ளும் ஒருவருக்கு ஓராண்டுச் சம்பளம் ஆகியவை இருந்தால் தோட்டம் பிழைக்கும். அக்கம்பக்கத்து வசதியான குடியிருப்புகள் கீரையை வாங்குவதும் உதவிதான், ஆனால் அதில் எனக்குத் தயக்கம் உண்டு. கூடுதல் விலை கொடுப்பவர் முதலில் வந்துவிட்டால், 6.30 மணிப் பேருந்தில் இறங்குபவருக்கு மறுபடியும் வாடிய கட்டுதான் மிஞ்சும். அதனால் 7.30 மணி வரை வெளியாருக்கு விற்பதில்லை என்று அந்தப் பெண்களே முடிவெடுத்து, தோட்டத்து வாசலில் சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறார்கள்.