கூடத்தில் நிற்கும் கரடிக்கு என்ன விலை?

பழைய வீடுகளில் இருக்கும் ஓலைச்சுவடிகள், தஞ்சாவூர் ஓவியங்கள், மர வேலைப்பாடுகள் ஆகியவற்றைச் செப்பனிட்டுக் கொடுப்பது என் தொழில். கும்பகோணம், திருவையாறு, மன்னார்குடி, மயிலாடுதுறை என்று டெல்டா முழுக்க அலைகிற வேலை. ஓவியத்தைப் பார்க்கக் கூப்பிட்டவர்கள், பார்த்து முடித்துக் காபி குடிக்கும் நேரத்தில், கூடத்து மூலையில் பாடம் செய்து (தோலைப் பதப்படுத்தி, உயிருள்ளதுபோல உருவமாக்கி) நிறுத்தியிருக்கும் கரடியைக் கைகாட்டி இன்னொன்றையும் கேட்பது உண்டு. "இந்தக் கரடியையும் கொஞ்சம் சரிசெய்து தர முடியுமா சார்? எவ்வளவு ஆகும்?"

அந்தக் கேள்விக்கு நின்றபடியே பதில் சொல்லிவிட்டு வந்துவிட முடிவதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

டெல்டாவில் கரடி கிடையாது. இங்கே வீடுகளில் நிற்பவை எல்லாம் மலையிலிருந்து வந்தவை. நிலபுலன் உள்ள குடும்பத்துப் பெரியவர்கள், சட்டம் இடம் கொடுத்த காலத்தில், அனுமதிச்சீட்டு எடுத்துக்கொண்டு மேற்கே மலைக்காடுகளுக்கு வேட்டைக்குப் போனார்கள். சுட்ட விலங்கின் தோலை உப்பிட்டு, பாடம் செய்ய மைசூருக்கு அனுப்பினார்கள். அங்கே வான் இங்கன் அண்ட் வான் இங்கன் என்ற நிறுவனம் 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி இதே வேலையாக இருந்தது. புலி, சிறுத்தை, கரடி, காட்டெருமைத் தலை என்று மகாராஜாக்கள் முதல் மிராசுதார்கள் வரை அவர்களிடம்தான் கொடுத்தார்கள். 1990களின் இறுதியில் அதை மூடிவிட்டார்கள்.

முதலில் விலையைப் பேசிவிடுகிறேன். பாபநாசம் பக்கத்தில் ஒரு பெரியவர், "அமெரிக்காவில் இருக்கும் என் பையன் இணையத்தில் பார்த்தான், ஒரு கரடியைப் பாடம் செய்ய மூன்று லட்சம் ஆகுமாம்" என்றார். பையன் பார்த்தது சரியான விலைதான், ஆனால் அது அமெரிக்க விலை. அங்கே பல மாநிலங்களில் கருங்கரடியை உரிமம் பெற்று வேட்டையாடலாம். வேட்டைக்காரர் தோலைக் கொண்டுபோய்க் கொடுத்தால், முழு உருவமாக நிறுத்திக் கொடுக்கச் சுமார் 3,000 முதல் 5,000 டாலர் கேட்கிறார்கள். இரண்டரை லட்சத்திலிருந்து நான்கு லட்சத்துக்கும் மேல் என்று வைத்துக்கொள்ளலாம். பெரிய பழுப்புக் கரடி என்றால் இன்னும் கூடும். தலையும் தோளும் மட்டும் போதும் என்றால் குறையும். தரைவிரிப்பாக வேண்டும் என்றால் அடிக் கணக்கில் கூலி. வாய் திறந்திருக்க வேண்டும் என்றால் செயற்கை நாக்கு, பல்வரிசை என்று தனியாக ஒரு தொகை.

அவ்வளவு பணம் கேட்பதற்குக் காரணம் உண்டு. கரடித் தோலில் கொழுப்பு ஏராளம். அதை ஒட்டச் சுரண்டாவிட்டால் தோல் அழுகி முடி கொத்துக்கொத்தாக உதிரும். காதுக்குள் இருக்கும் குருத்தெலும்பை எடுத்துவிட்டு வேறு பொருளை வைக்க வேண்டும். உதட்டையும் மூக்கையும் உள்பக்கமாகப் பிளந்து மெலிதாக்க வேண்டும். பிறகு உப்பு, பிறகு தோல் பதனிடும் கூடம், பிறகு கரடியின் அளவுக்கு ஏற்ற நுரைப்பஞ்சு உருவம், கண்ணாடிக் கண். கொடுத்த தோல் திரும்பி வர ஓராண்டு ஆவதும் சாதாரணம். இது கைத்திறன் வேலை என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

ஆனால் பாபநாசத்தில் நிற்பது அமெரிக்கக் கருங்கரடி அல்ல. நெஞ்சில் வெளிறிய 'வி' வடிவப் பட்டை, நீண்டு தொங்கும் கரடுமுரடான கறுப்பு முடி, மண்ணைத் தோண்டுவதற்கான நீண்டு வளைந்த நகங்கள். நம் நாட்டுக் கரடி. வாயைத் திறந்து நிறுத்தியிருந்தால் மேல்வரிசையில் நடுப்பற்கள் இரண்டு இல்லாததைப் பார்க்கலாம். அந்த இடைவெளி வழியாகத்தான் அது கறையான் புற்றுக்குள் வாயை வைத்து உறிஞ்சும். கறையானும் தேனும் நாவல் பழமும் தின்று வாழ்கிற ஒரு பிராணியை, ஆளை விழுங்க வருவதுபோல வாயைப் பிளந்து நிறுத்தி வைத்தார்கள். ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் எனக்கு மனம் வலிக்கிறது.

இந்தக் கரடி வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இன் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலியும் யானையும் இருக்கும் அதே அட்டவணை. 1986இல் வந்த திருத்தம், அட்டவணை விலங்குகளைப் பாடம் செய்யும் தொழிலையே தடை செய்துவிட்டது. ஆகவே நம் நாட்டுக் கரடியைப் பாடம் செய்து தர எவராவது கூலி சொன்னால், அந்தக் கூலி ஆயிரமானாலும் லட்சமானாலும் குற்றத்தின் விலைதான். மும்பையில் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவில் 2009இல் தொடங்கிய அரசுப் பாடம் செய்யும் மையம் இருக்கிறதே என்று கேட்பார்கள். அங்கே செய்வது இயற்கையாக இறந்த விலங்குகளை, அரசு அனுமதியோடு, கல்விக்காகவும் காட்சிக்காகவும். நம் வீட்டுக் கூடத்தை அலங்கரிக்க அந்த வழி திறக்காது. மலைப் பக்கம் போன இடத்தில் செத்துக் கிடந்த கரடியைக் கண்டாலும் அது அரசின் சொத்து. அதில் ஒரு நகம் நம் கைக்கு வந்தாலும் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ தெரிவித்தாக வேண்டும்.

சரி, ஏற்கெனவே நிற்கிற கரடி? இங்கேதான் நம் குடும்பங்கள் அறியாமல் மாட்டிக்கொள்கின்றன. "தாத்தா காலத்துப் பொருள், அப்போது சட்டமே கிடையாது" என்று எல்லோரும் சொல்கிறார்கள். சட்டம் வந்தபோதே, வைத்திருப்பவர்கள் அறிவித்து உரிமைச் சான்றிதழ் பெற வேண்டும் என்று சொல்லிவிட்டது. தவறவிட்டவர்களுக்காக 2003 ஏப்ரல் 18 முதல் 180 நாள் இன்னொரு வாய்ப்பும் கொடுத்தார்கள். அதிலும் அறிவிக்காமல் விட்டவர்கள் நிறையப் பேர். ஊரில் ஒருவர் சொல்லி ஒருவர் கேட்கும்படியாக அந்தச் செய்தி வரவே இல்லை என்பது என் ஆதங்கம்.

சான்றிதழ் இருந்தால் முதலில் அது எங்கே என்று தேடுங்கள். பெரும்பாலும் நிலப் பத்திரங்களோடு, தாத்தாவின் துப்பாக்கி உரிமத்தோடு, டிரங்குப் பெட்டியில் கிடக்கும். அது யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். அவர் காலமாகிவிட்டால் வாரிசுக்கு ஒரு கடமை வருகிறது. வாரிசுரிமையில் கிடைத்த நாளிலிருந்து 90 நாளுக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு அறிவிக்க வேண்டும். பாகப்பிரிவினையில் நிலம், நகை, வெள்ளிப் பாத்திரம், பத்தாயம் வரை எழுதுகிறார்கள். கரடியை மட்டும் யாரும் எழுதுவதில்லை. பெரியவரின் காரியம் முடிந்து, வீட்டைப் பூட்டிவிட்டு, ஆளுக்கொரு ஊருக்குப் போய்விடுகிறார்கள். 90 நாள் ஓடிவிடுகிறது.

கரடியை விற்க முடியாது. சான்றிதழ் இருந்தாலும் முடியாது. வாரிசுரிமை ஒன்றைத் தவிர வேறு வழியில் அது சான்றிதழ் இல்லாத ஒருவர் கைக்குப் போகவும் கூடாது. அன்பளிப்பாக நண்பருக்குக் கொடுப்பதும் இதில் அடங்கும். வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோனால் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு அனுப்பும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையிலும் இந்தக் கரடி மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருக்கிறது. பழைய தூண்களும் கதவுகளும் வாங்க வருகிற வியாபாரிகள், "இதையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறோம்" என்று ஒரு தொகை சொல்வார்கள். வண்டியில் ஏற்றிய பிறகு சோதனைச் சாவடியில் பிடிபட்டால் வாங்கியவர் மட்டுமல்ல, விற்றவரும் குற்றவாளி. முதல் அட்டவணை விலங்கு என்பதால் மூன்று ஆண்டுக்குக் குறையாத, ஏழு ஆண்டு வரை நீளக்கூடிய சிறை. 2022 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் குறைந்தது 25,000 ரூபாய். முறைப்படி வைத்திருந்தோம் என்று நிரூபிக்கும் பொறுப்பும் வைத்திருந்தவர் தலையில்தான் விழும்.

சட்டத்தை, கேட்பவர்களை ஒரு வழக்கறிஞரிடம் அனுப்பியாவது புரியவைத்துவிட முடியும். இனி சொல்லப்போவதைத்தான் ஒருவரும் கேட்டிருப்பதில்லை.

பாபநாசத்துக் கரடியைக் கிட்டே போய்ப் பார்த்தேன். பீடத்தின் அடியில் மைசூர்ச் சீட்டு பாதி கிழிந்து ஒட்டிக்கொண்டிருந்தது. இடது கண்ணாடிக் கண் எப்போதோ விழுந்துவிட்டதால், அந்த இடத்தில் கோலிக்குண்டு ஒன்றைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். உதட்டு வெடிப்பில் சிவப்பு எனாமல் பெயின்ட். முதுகில் முடி உதிர்ந்த இடத்தில் ஷூ பாலிஷ். கைவிளக்கை வயிற்றுப் பக்கம் பிடித்தபோது, தையல் பிரிந்த இடத்தில் முடியின் அடியில் வெள்ளையாகப் பொடி தெரிந்தது. காதுமடலின் உள்ளேயும், கண்ணைச் சுற்றியும் அதே பொடி. வீட்டம்மா, "ஈரத்துக்குப் பூத்த பூஞ்சை, நான்தான் மாதம் ஒருமுறை துணியால் தட்டி விடுவேன்" என்றார்.

மழைக்காலத்தில் டெல்டா வீடுகளில் பூஞ்சை வருவது உண்மைதான். ஆனால் அந்தக் காலத்துப் பாடம் செய்த விலங்கில் வெள்ளைப் பொடியைக் கண்டால் முதலில் பாஷாணம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். 18ஆம் நூற்றாண்டில் பிரான்சில் பெக்கூர் என்பவர், வெள்ளைப் பாஷாணமான ஆர்சனிக்கைச் சோப்பு, கற்பூரம், சுண்ணாம்பு ஆகியவற்றோடு கலந்து ஒரு பசை செய்தார். தோலின் உட்புறம் அதைப் பூசினால் பூச்சி அண்டாது. உலகம் முழுக்க, 20ஆம் நூற்றாண்டிலும் நெடுங்காலம், பாடம் செய்தவர்கள் அதை நம்பினார்கள். பின்னாளில் டிடிடி என்ற பூச்சிக்கொல்லியைத் தூவியவர்களும், பாதரச உப்புப் பூசியவர்களும் உண்டு. ஆர்சனிக் ஒரு தனிமம். எத்தனை ஆண்டு கழிந்தாலும் அது சிதைந்து வீரியம் இழக்காது. தோல் சுருங்கித் தையல் விடும்போது மெல்ல வெளியே வரும். புற்றுநோய், தோல் நோய், நரம்புப் பாதிப்பு ஆகியவற்றோடு மருத்துவம் தொடர்புபடுத்துகிற நஞ்சு இது. அருங்காட்சியகங்களில், சோதித்துப் பார்க்காத பழைய உருவம் எதையும் நஞ்சு உள்ளதாகக் கருதித்தான் கையாள வேண்டும் என்பது தொழில் விதி. எக்ஸ் கதிர் ஒளிர்வுக் கருவியைக் காட்டினால் ஆர்சனிக்கும் பாதரசமும் இருக்கிறதா என்பது தோலைக் கிழிக்காமலே தெரிந்துவிடும்.

அந்த அம்மா மாதாமாதம் தட்டியது எதை என்று சொன்னபோது அவர் முகம் வாடிவிட்டது. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. யாரும் அவரிடம் சொன்னதில்லை.

எனக்கு உள்ளபடியே பயம் தருவது இன்னொரு பழக்கம். குழந்தை பயந்து அழுதால் கரடி முடி வைத்துத் தாயத்துக் கட்டுவது நம் பக்கத்து நம்பிக்கை. வீட்டில் கரடி நின்றால், தெருவில் உள்ளவர்கள் வந்து, "பிள்ளைக்கு இரண்டு முடி கொடுங்கள்" என்று கேட்டு வாங்கிப் போகிறார்கள். வயிற்றுப் பக்கம் கைக்கு எட்டும் உயரத்தில் முடி வழித்தெடுத்தாற்போல இருக்கும் கரடிகளைப் பார்த்திருக்கிறேன். அந்த முடி குழந்தையின் இடுப்பில், கழுத்தில் கட்டப்படுகிறது. குழந்தை அதை வாயில் வைக்கும். தயவுசெய்து யாருக்கும் ஒரு முடிகூடக் கொடுக்காதீர்கள். கட்டியிருந்தால் இன்றே அவிழ்த்துவிடுங்கள். சட்டப்படியும் அந்த முடி கரடியின் உறுப்புதான்.

கரடியைச் சுத்தம் செய்யாதீர்கள். வீட்டுத் தூசி உறிஞ்சியை வைத்து உறிஞ்சினால் நுண்தூள் பின்வழியாக வெளியேறி அறை முழுக்கப் பரவும். ஈரத்துணியால் துடைத்தால் பொடி தோலில் ஊறிப் புது இடத்தில் பூக்கும். தொட நேர்ந்தால் நைட்ரைல் கையுறையும் நல்ல முகக்கவசமும் அணிந்து, முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பூசையறைக்கும் சமையலறைக்கும் அருகில் வைக்காதீர்கள். சாத்தி வைக்கக்கூடிய உலர்ந்த அறை ஒன்றுக்கு மாற்றி, கண்ணாடிப் பெட்டி செய்ய முடிந்தால் மூடி, குழந்தைகளை அண்ட விடாமல் இருந்தால் போதும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஈரம் ஏறும்போது தோல் வண்டு வரத்தான் செய்யும். அதற்காகக் கடையில் கிடைக்கும் பூச்சி மருந்தை அடித்து நஞ்சின் மேல் நஞ்சு ஏற்ற வேண்டாம்.

போகிக்கு எரித்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்காக இதைத் தனியாகச் சொல்கிறேன். எரித்தால் ஆர்சனிக் புகையாகிறது. பாய், பழைய முறம் எரிக்கிற தெருவில், குழந்தைகள் கொட்டு அடித்துக்கொண்டு சுற்றி நிற்கும் நெருப்பில், அதைப் போடுவதை நினைக்கவே நெஞ்சு பதறுகிறது. கொல்லையில் புதைத்தாலும் ஆபத்துதான். நம் படுகையில் நிலத்தடி நீர் மேலேயே இருக்கிறது, அதே கொல்லையில்தான் அடிபம்பும் இருக்கிறது. அரசலாற்றிலோ குடமுருட்டியிலோ விட்டால் அந்தத் தண்ணீர் கீழ்ப்பக்கத்து ஊருக்குத்தான் போகும். சட்டத்தின் கண்ணில் இவை எல்லாம் தடயத்தை அழிப்பதாகவும் படும்.

வைத்துக்கொள்ள விருப்பம் இல்லையென்றால் ஒப்படைக்கும் வழி இருக்கிறது. சான்றிதழ் உள்ளவர்கள் தாமாகவே அரசிடம் ஒப்படைக்கலாம் என்று 2022 திருத்தம் தனிப் பிரிவே சேர்த்திருக்கிறது. இழப்பீடு கிடைக்காது. கரடி அரசின் சொத்தாகும். அவ்வளவுதான். சான்றிதழ் இல்லாதவர்கள் தாமதிக்காமல் ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிட்டு, அவர் எழுதிக் கொடுக்கும் மனுவோடு மாவட்ட வன அலுவலரிடம் போவதே நல்லது. யாரோ புகார் கொடுத்து அதிகாரிகள் வீட்டுக்கு வந்து கேட்பதற்கும், நாமாகப் போய்ச் சொல்வதற்கும் நிறைய வேறுபாடு இருக்கிறது.

மனுவில், கரடி யாரால் எப்போது வாங்கப்பட்டது அல்லது சுடப்பட்டது, இப்போது எந்த முகவரியில் இருக்கிறது, சான்றிதழ் இருந்தால் அதன் எண், பெயரில் உள்ளவர் காலமாகியிருந்தால் இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும், இவ்வளவையும் எழுதுங்கள். நான்கு பக்கமும் எடுத்த புகைப்படங்களையும், பீடத்தில் பாடம் செய்தவரின் சீட்டு இருந்தால் அதன் படத்தையும் இணையுங்கள். உருவத்தில் நஞ்சு இருக்கக்கூடும் என்று ஒரு வரி கட்டாயம் சேருங்கள், இல்லையென்றால் எடுத்துப் போக வருகிற வனத்துறை ஊழியர்களும் வெறுங்கையால் தூக்குவார்கள். மனுவைக் கொடுத்த இடத்திலேயே நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.