கருப்பட்டிப் பதத்தின் வேதியியல்

கன்னியாகுமரி மாவட்டத்தில் பதநீரை அக்கானி என்போம். பனையில் கட்டும் கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவியிருந்தால் காலையில் இறங்குவது அக்கானி, தடவாமல் விட்டால் கள். மரமும் பாளையும் சாறும் ஒன்றுதான். ஒரு விரல் சுண்ணாம்பில் அப்படி என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டால், கருப்பட்டியின் கதையில் பாதி புரிந்துவிடும்.

பாளையைச் சீவியதும் சொட்டுகிற சாற்றில் நூற்றுக்குப் பத்து, பன்னிரண்டு பங்கு சர்க்கரை. அதில் பெரும்பகுதி சுக்ரோஸ், அதாவது கடையில் வாங்கும் சீனியேதான். மீதி தண்ணீரும் கொஞ்சம் தாது உப்புகளும் புரதமும். சுக்ரோஸ் மூலக்கூறு, குளுக்கோஸும் பிரக்டோஸும் ஒட்டிப் பிறந்த ஜோடி. காற்றிலும் பாளையிலும் குடியிருக்கும் ஈஸ்ட் இந்த ஜோடியைப் பிரித்துத் தின்று ஆல்கஹாலாக மாற்றுகிறது. கூடவே பாக்டீரியாக்கள் சாற்றைப் புளிக்க வைக்கின்றன. அந்தப் புளிப்பும், அதாவது அமிலமும், தன் பங்குக்கு ஜோடியைப் பிரிக்கும். சூடு சேர்ந்தால் இன்னும் வேகமாகப் பிரிக்கும். சுண்ணாம்பு காரம். அது அமிலத்தை முறிக்கிறது, நுண்ணுயிர்களை முடக்குகிறது. சுக்ரோஸ் உடையாமல் அடுப்பு வரை வந்து சேர்கிறது.

சுண்ணாம்பு வெறும் தண்ணீரில் லிட்டருக்கு 2 கிராம் அளவுகூடக் கரையாது. தண்ணீர் சூடானால் அதுவும் குறையும். பொதுவாகச் சூட்டில்தானே பொருள்கள் கூடுதலாகக் கரையும்? சுண்ணாம்பு அதற்கு நேர்மாறு. ஆனால் சர்க்கரைக் கரைசலில் போட்டால் அதிகமாகக் கரைகிறது, சர்க்கரை கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால். பழைய வீடுகளுக்குச் சாந்து குழைக்கும்போது கருப்பட்டித் தண்ணீர் ஊற்றினார்களே, அங்கேயும் இந்த உறவுக்குப் பங்கு உண்டு.

சரி, அடுப்புக்கு வருவோம். சின்ன வயதில் பங்குனி, சித்திரையில் பெரியம்மை அக்கானி காய்ச்சும்போது பனையோலையைத் தள்ளி எரிப்பது என் வேலை. ஆரம்பத்தில் மணிக்கணக்காக ஒன்றுமே நடக்காது. கொதிக்கும், ஆவி போகும், அவ்வளவுதான். நுரை பொங்கினால் ஆமணக்கு விதையை நசுக்கிப் போடுவார். அதன் எண்ணெய் நுரைக்குமிழியின் மெல்லிய தோலுக்குள் புகுந்து அதைக் கிழித்துவிடும். பொங்கியது சட்டென்று அமரும். பெரியம்மை இடையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போவார், துணி துவைப்பார். ஆனால் பாகு கறுத்துக் குமிழி கனமாக வெடிக்கத் தொடங்கியதும் துடுப்பைக் கையில் எடுத்துக்கொள்வார். "மக்களே, தீயைக் குறை. இனி அங்கிண இங்கிண பாக்காத."

அது ஏன் என்று எனக்குக் கல்லூரியில் படித்தபோதுதான் விளங்கியது. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். சர்க்கரை கரைந்திருந்தால், மேற்பரப்பில் தண்ணீர் மூலக்கூறுகளுக்கு இடம் குறைகிறது, சர்க்கரையும் அவற்றைப் பிடித்து இழுக்கிறது. தப்பித்து ஆவியாவதற்குக் கூடுதல் சூடு வேண்டும். கொதிநிலை ஏறுகிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோ சர்க்கரையும் 9 கிலோ தண்ணீரும் உள்ள அக்கானி. ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும், சர்க்கரை அப்படியே தங்கும். பாதிக்குப் பாதி ஆக வேண்டுமென்றால் 8 கிலோ தண்ணீர் போக வேண்டும். அத்தனை தண்ணீர் போயும் கொதிநிலை ஏறியிருப்பது சுமார் 2 டிகிரிதான். அடுத்து, நூற்றுக்கு 80 பங்கு சர்க்கரை ஆக முக்கால் கிலோ தண்ணீர் போனால் போதும். சூடு 110ஐ நெருங்கிவிடும். அங்கிருந்து 90 பங்குக்கு? ஒரு டம்ளர் தண்ணீர்கூட இல்லை, சுமார் 140 கிராம்தான். ஆனால் சூடு 120க்குப் பக்கத்தில் போய் நிற்கும். எட்டு கிலோ தண்ணீர் போனபோது நடக்காதது, அரை டம்ளர் சொச்சத்தில் நடந்துவிடுகிறது. அந்த நேரத்தில் கவனம் பிசகினால் அடிப்பிடித்துக் கருகும்.

பெரியம்மையிடம் வெப்பமானி கிடையாது. ஒரு சிரட்டையில் பச்சைத் தண்ணீர் வைத்திருப்பார். பாகில் ஒரு சொட்டை அதில் விட்டு விரலால் உருட்டுவார். கரைந்து ஓடினால் இன்னும் தண்ணீர் மிச்சம் இருக்கிறது. உருண்டு நின்றால் பதம். கல்லாக இறுகினால் தாண்டிப் போய்விட்டது. பாகில் எவ்வளவு தண்ணீர் மிச்சம் என்பதை விரலால் அளக்கிற முறை இது. அந்த அளவும் கொதிநிலையும் சேர்ந்தே நடப்பதால், பதத்தைத் தொட்டுப் பார்த்தவர் வெப்பநிலையையும் தொட்டுப் பார்த்தவர்தான்.

இறக்கியபின் நடப்பது இன்னும் அழகு. 20 டிகிரியில் 100 கிராம் தண்ணீர் சுமார் 200 கிராம் சீனியைக் கரைத்து வைக்கும், 100 டிகிரியில் 480 கிராமுக்கு மேல். ஆகவே சூட்டில் ஏற்றுக்கொண்டதை எல்லாம் ஆறும்போது தண்ணீரால் தாங்க முடியாது. தாங்கும் அளவுக்கு மேல் சர்க்கரை நிற்கும் இந்த நிலைக்கு மீதெவிட்டிய கரைசல் என்று பெயர். வெளியேற வேண்டிய சர்க்கரை படிகமாக வேண்டும். ஆனால் படிகம் வளர ஒரு தொடக்கப் புள்ளி வேண்டும். துடுப்பால் விடாமல் கிண்டும்போது அப்படிப்பட்ட புள்ளிகள் ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் பிறக்கின்றன. ஆளுக்குக் கொஞ்சமாகச் சர்க்கரையைப் பங்கு போட்டுக்கொள்வதால் எதுவும் பெரிதாக வளராது. பளபளத்த பாகு மங்கலாகிக் கெட்டியாகத் தொடங்கும்போது சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி.

அதே பாகைச் சற்று இளம்பதத்திலேயே இறக்கி, நூலைத் தொங்கவிட்டு, ஒரு மாதத்துக்கு மேல் அசைக்காமல் வைத்தால் பனங்கற்கண்டு. இங்கே தொடக்கப் புள்ளிகள் குறைவு, நேரம் நிறைய. மூலக்கூறுகள் ஒவ்வொன்றாக வந்து தங்கள் இடம் பார்த்து அமர்கின்றன. படிகத்தின் அடுக்கில் சுக்ரோஸ் மட்டுமே ஒழுங்காகப் பொருந்தும். நிறம் தரும் பொருள்கள், உப்புகள், உடைந்த சர்க்கரைகள் எல்லாவற்றையும் அது பெரும்பாலும் வெளியே தள்ளிவிடும். கற்கண்டு கருப்பட்டியைவிட வெளுத்துத் தெளிவாக இருப்பதற்கும் இதுவே காரணம். கருப்பட்டியிலோ அவை ஓடிப்போக வழியில்லாமல் நுண்படிகங்களின் இடுக்கில் பாகாகவே சிக்கிக்கொள்கின்றன. நமக்குப் பிடித்த அந்த நிறமும், மணமும், லேசான உப்புக் கரிப்பும் படிகம் வேண்டாமென்று தள்ளியவற்றில்தான் இருக்கின்றன. என்னைக் கேட்டால், சீனிக்கு இல்லாத ருசி கருப்பட்டிக் காப்பிக்கு இருப்பதன் முழுக் காரணமும் அந்த இடுக்குகள்தான்.

ஒருமுறை கலயத்தில் சுண்ணாம்பு குறைந்துபோய் அக்கானி லேசாகப் புளித்திருந்தது. மோந்து பார்த்ததுமே, "இது கட்டாது" என்றார் பெரியம்மை. எவ்வளவு காய்ச்சியும் சிரட்டையில் ஊற்றியது பிசின் மாதிரியே கிடந்தது. உடைந்த குளுக்கோஸும் பிரக்டோஸும் கூடிவிட்டால் சுக்ரோஸ் அடுக்காக நிற்க அவை விடுவதில்லை. அதிலும் பிரக்டோஸுக்குக் காற்றின் ஈரத்தை இழுக்கும் குணம் அதிகம். நல்ல கருப்பட்டியிலும் அது கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்கிற ஊர் எங்களுடையது. ஆனியில் மழை பிடித்ததும் கருப்பட்டி வியர்க்கத் தொடங்கும். அதற்குள் பெரியம்மை அவற்றை ஓலைப்பெட்டியில் அடுக்கி, அடுப்புக்கு மேலே புகை படுகிற பரணில் ஏற்றியிருப்பார்.